கடவுளுக்கு முன்பே தெரியுமென்றால் நம் விருப்பத்துக்கு என்ன வேலை?

"நான் நாளை செய்யப்போவது கடவுளுக்கு இன்றே தெரியும் என்றால், வேறு எதையும் நான் செய்ய முடியாதே" என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கல் அந்த "முடியாதே"யில்தான் இருக்கிறது. கடவுள் அறிந்தது தவறாமல் நடக்கும், உண்மைதான். ஆனால் அவர் அறிந்திருப்பதுதான் அதை நடத்துகிறது என்று ஆகிவிடாது. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் நீங்கள் வஞ்சிர மீன் வாங்குவதை ஒருவர் பார்க்கிறார். அவர் பார்வையா உங்களை வாங்க வைத்தது? காலத்துக்கு அப்பால் நிற்கும் கடவுளுக்கு நம் நாளையும் கண்முன் நிற்கும் இன்று என்பதே 6ஆம் நூற்றாண்டில் ரோமானியத் தத்துவஞானி போயத்தியஸ் தந்த விடை.

1 சாமுவேல் 23ஐ நிதானமாக வாசியுங்கள். சவுல் அரசன் தாவீதைக் கொல்லத் தேடுகிறான். கேகிலா ஊரார் என்னைச் சவுலிடம் ஒப்புக்கொடுப்பார்களா என்று தாவீது கேட்கிறார். "ஒப்புக்கொடுப்பார்கள்" என்கிறார் கர்த்தர்; நீ இங்கேயே இருந்தால் என்பது அதன் பொருள். உடனே தாவீது சுமார் 600 பேரோடு வெளியேறிவிடுகிறார்; அந்தக் காட்டிக்கொடுப்பு நடக்கவே இல்லை. முன்னறிவைத் தலையெழுத்தாக நினைப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போகவே முடியாது.

முன்குறித்தல், அதாவது மீட்கப்படுவோரைத் தேவன் முன்கூட்டியே தீர்மானிப்பது, வேறு விஷயம். ரோமர் 8:29 "முன்னறிந்தாரோ", "முன்குறித்திருக்கிறார்" என இரண்டு வினைகளைத் தருகிறது. நம் விசுவாசத்தை முன்னறிந்தே தேவன் நம்மைத் தெரிந்துகொண்டார் (தேர்ந்தெடுத்தார்) என்பது மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் வழி. சிங்கப்பூரின் ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சபை அந்த மரபில் வந்தது. பிரெஸ்பிட்டேரியன் சபைகள் பின்பற்றும், சீர்திருத்தவாதி கால்வினின் வழியோ, தெரிந்துகொள்ளுதல் முழுக்கக் கிருபையே, விசுவாசம் அதன் விளைவு என்கிறது. அங்கும் மனிதன் பொம்மையல்ல. தன் விருப்பப்படியேதான் நடக்கிறான், ஆனால் அந்த விருப்பத்தையே கிருபை புதிதாக்க வேண்டியிருக்கிறது.