மூச்சுப் பரிசோதனையைப் பாதியில் நிறுத்தலாமா?

கேள்வி: எங்கள் 5 வயது மகளுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டியான சளி தேங்கும் பரம்பரை நோய்). நுரையீரலில் அடைப்பு இருக்கிறதா என்று மூச்சை வைத்துப் பார்க்கும் எல்.சி.ஐ. பரிசோதனைக்குப் போனால் ஒரு மணி நேரம் ஆகிறது. நடுவில் மவுத்பீஸைத் துப்பிவிடுகிறாள். அடுத்த முறை சுருக்கமாகச் செய்வதாகச் சொல்கிறார்கள். அந்த முடிவை நம்பலாமா?
- ஒரு தாய், டொரன்டோ

பதில்: நம்பலாம். ஆனால் புதிய எண்ணைப் பழைய எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

குழந்தை சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்கும்போது நுரையீரலில் உள்ள நைட்ரஜன் மூச்சுக்கு மூச்சு வெளியேறும். அது தொடக்க அளவில் நாற்பதில் ஒரு பங்காகும் வரை, அதாவது சுமார் 78 சதவீதத்திலிருந்து 2 சதவீதம் வரை, பரிசோதனை தொடரும். சாதாரணமாக மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் தங்கும் காற்றின் அளவு எஃப்.ஆர்.சி. அதைப்போல எத்தனை மடங்கு காற்றை அதற்குள் வெளிவிட்டாள் என்பதே எல்.சி.ஐ.

நேரத்தை விழுங்குவது கடைசிக் கட்டம்தான். சளி அடைத்த பகுதிகள் மெதுவாகவே காலியாகும். ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்திருக்கும் நைட்ரஜனும் அப்போது வந்து கலக்கும். ஆகவே இருபதில் ஒரு பங்கு, அதாவது 4 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வந்ததும் நிறுத்திவிடுவதே சுருக்க முறை. எண் குறைவாக வரும். அது நோய் குறைந்ததற்கான அடையாளம் அல்ல. மிக லேசான பாதிப்பைக் காட்டும் திறனும் சிறிது குறையும். பழைய பதிவுகளின் வரைபடம் கணினியில் இருந்தால், அவற்றையும் இருபதில் ஒரு பங்கு வரை மட்டும் கணக்கிட்டுத் தரக் கேளுங்கள். அப்போது ஒப்பீடு சரியாக இருக்கும்.

இந்தப் பரிசோதனையை மூன்று சுற்று செய்வதற்குப் பதில் நல்ல இரண்டு சுற்றும் போதும். இரண்டின் எஃப்.ஆர்.சி. கால் பங்குக்கு மேல் வேறுபட்டால் மூன்றாவது சுற்று அவசியம். நேரத்தை மிச்சப்படுத்த, சுற்றுகளுக்கு நடுவே விடும் இடைவெளியில் மட்டும் கைவைக்கக் கூடாது. அடைபட்ட பகுதிகளில் நைட்ரஜன் மறுபடி நிறையும் முன்பே தொடங்கினால் அடுத்த எண் பொய்யாகக் குறையும்.

எங்கள் கருத்தில், வீணாகும் சுற்றுகளைத் தவிர்ப்பதுதான் இதையெல்லாம்விடப் பெரிய மிச்சம். உதடு தளர்ந்தாலோ மூக்கு கிளிப் நழுவினாலோ அறைக் காற்று நுழைந்து, வரைபடத்தில் நைட்ரஜன் சட்டென்று எகிறும். அந்தச் சுற்று கணக்கில் சேராது. குழந்தை சிரித்தாலும் இது நடக்கலாம். எனவே வேடிக்கையான கார்ட்டூன் வேண்டாம். மீன், ரயில் போன்ற அமைதியான வீடியோ போதும். மவுத்பீஸை அவள் வாய் உயரத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், கழுத்தை நீட்டவிடாதீர்கள். பாதங்கள் ஒரு முக்காலியில் பதியட்டும். கழிப்பறைக்குப் போய்வந்து, இருமிச் சளியைத் துப்பிய பிறகு தொடங்குங்கள். யாரும் பயன்படுத்தாத புதிய மவுத்பீஸும் கிளிப்பும் கேட்டு வாங்கி வீட்டில் முதலில் 2 நிமிடம், பிறகு 5 நிமிடம் பழக்கலாம். சளி வெளியேற்றும் பயிற்சியைப் பரிசோதனைக்கு முன் செய்வதா பின் செய்வதா என்பதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் எண் மாறியதற்குக் காரணம் தெரியாமல் போகும்.

கேள்வி: ஊதும் பரிசோதனை சில நிமிடத்தில் முடிகிறதே, அது போதாதா?
- அதே வாசகி

பதில்: அந்த ஊதும் பரிசோதனையான ஸ்பைரோமெட்ரிக்கு முழு மூச்சை இழுத்து, வேகமாக, கடைசிவரை ஊத வேண்டும். 5 வயதில் அது பலருக்குச் சரியாக வராது. சிறிய மூச்சுக்குழாய்கள் அடைபடத் தொடங்கிய பிறகும், முதல் நொடியில் ஊதும் அளவு இயல்பாகவே இருக்கக்கூடும். எல்.சி.ஐ.க்குச் சாதாரண மூச்சே போதும். அந்த ஆரம்ப அடைப்பு அதில் முன்னதாகத் தெரியும். அவள் நன்றாக ஊதக் கற்ற பிறகு இரண்டையும் சேர்த்தே பார்ப்பார்கள்.