தெற்கு சூடான் சில்லுக் மக்கள் மரக்கட்டையில தலை வச்சுத் தூங்குறாங்களே, கழுத்து வலிக்காதா? ஷோகேஸ்ல வைக்க ஒண்ணு வாங்கலாமா?

ஏதோ ஆன்லைன் கடையில போட்டோ பாத்துட்டுத்தான் கேக்குறீங்கன்னு நினைக்கிறேன். உங்க மேல கோவம் இல்ல, ஆனா இதே கேள்விக்குக் கீழ ஒருத்தர் "பஞ்சுத் தலையணை கூடத் தெரியாத ஜனங்க"ன்னு எழுதி வச்சிருக்கார், அதுக்கு லைக் வேற அள்ளிக் குமிச்சிருக்காங்க. அதப் பாத்துட்டு சும்மா போக முடியல.

நான் ஆராய்ச்சியாளர் எல்லாம் கிடையாது, பட்டாளத்துக்காரன். ஐநா அமைதிப்படையில நம்ம இந்தியன் பட்டாலியன் தெற்கு சூடான்ல மலக்கால்ங்கிற ஊர்ல இருந்துச்சு, அதுல நானும் போயிருந்தேன். சில்லுக் நாடுன்னா வெள்ளை நைல் ஆத்தங்கரை, பெரும்பாலும் மேற்குக் கரை. ஹிஸ்டரில ஃபஷோடான்னு படிச்சிருப்பீங்க, 1898ல பிரெஞ்சுக்காரன் மார்ஷானும் பிரிட்டிஷ்காரன் கிச்சனரும் நேருக்கு நேர் நின்னாங்களே, அது இவங்க ராஜ்யத்துலதான். இவங்க ராஜாவ 'ரெத்'னு சொல்வாங்க, நியிகாங்ங்கிற மூதாதையர்ல ஆரம்பிச்சு வர்ற பரம்பரை. இதெல்லாம் தெரியாம 'காட்டுவாசி'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க.

அங்க நம்ம வெட்னரி டாக்டர்ங்க ஆடு மாடுக்கு கேம்ப் போடுவாங்க, நானும் கூடமாட நிப்பேன். ஒரு பெரியவர் ரெண்டு ஆட்டப் புடிச்சுக்கிட்டு வந்தார், புருவத்துக்கு மேல நெத்தி பூரா வரிசையா புள்ளித் தழும்பு, அது அவங்க இன அடையாளம். கக்கத்துல இந்தக் கட்டை. வாங்கிப் பாத்தா ஒட்டு இல்ல, ஆணி இல்ல, ஒரே மரம். கவட்டையா கிளை பிரியிற இடமாப் பாத்து வெட்டி, அந்தக் கிளைங்களையே மூணு காலா விட்டிருக்காங்க, மேல முதுகு மட்டும் லேசாக் குழிஞ்சு, ஒரு முனை மூஞ்சி மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. என்ன மிருகம்னு கேட்டா சொல்லத் தெரியாது, ஆனா பாத்தா ஏதோ மிருகம்தான். மூணு கால்ங்கிறதால மேடு பள்ளத்துல வச்சாலும் ஆடல. குழிஞ்ச இடம் மட்டும் தலை எண்ணெய் ஏறி ஏறி கன்னங்கரேல்னு பளபளப்பு, கால் பக்கம் வெறும் மரக்கலர்.

எங்க ஆளு ஒருத்தர் அத பிடரிக்கு முட்டுக் கொடுத்து மல்லாக்கப் படுத்துப் பாத்தார். பெரியவர் சிரிச்சுக்கிட்டே அவர் தோளப் புடிச்சு ஒருக்களிச்சுத் திருப்பி, காதுக்குக் கீழ கழுத்துப் பக்கமா கட்டையத் தள்ளி வச்சார். அதாவது மண்டைய அதுமேல வைக்கிறது இல்ல, கழுத்துதான் அதுல உக்காருது, தலை அந்தரத்துல நிக்குது. ஏன்னா விஷயமே முடிதான். அந்தக் காலத்துல சில்லுக் ஆம்பளைங்க சேறு, சாணி, பிசின் எல்லாம் போட்டு முடிய இறுக்கி, தட்டு மாதிரியும் கொண்டை மாதிரியும் நிக்க வச்சிருப்பாங்க, பழைய போட்டோல பாக்கலாம். அவ்ளோ பாடுபட்டுக் கட்டின முடிய ஒரு ராத்திரி பஞ்சுல போட்டு நசுக்கவா முடியும்? இப்ப முடிய ஒட்ட வெட்டிட்டாங்க, ஆனா படுத்துப் பழகினவங்க விடல.

உடனே "இது எகிப்துல இருந்து வந்தது, அந்த நாட்டுப் பழைய ராஜா துத்தன்காமுன் கல்லறையிலயே இருந்துச்சு"ன்னு ஒருத்தர் வருவார். 1922ல கண்டுபிடிச்ச அந்தக் கல்லறையில தந்தத்துல செஞ்சது இருந்துச்சு, ஒத்துக்கிறேன். ஆனா கென்யால துர்கானா, உகாண்டால கரமொஜோங், அங்க தெற்க ஜிம்பாப்வேல ஷோனா, இந்த இனத்துக்காரங்க எல்லார்கிட்டயும் அவங்கவங்க ஸ்டைல்ல இருந்திருக்கு. துர்கானா ஆளுங்க அதையே உக்கார ஸ்டூலாவும் வச்சுக்குவாங்க. எல்லாத்தையும் எகிப்து ராஜா பாரோகிட்ட இருந்துதான் கத்துக்கணுமா என்ன?

கழுத்து வலிக்குமான்னா, சின்னதுல இருந்து பழகினவங்களுக்கு இல்ல. உங்களுக்கு ஸ்பாண்டிலோசிஸ், அதாவது கழுத்தெலும்புத் தேய்மானம் இருந்தா தயவுசெஞ்சு யூடியூப் பாத்து ட்ரை பண்ணாதீங்க, அப்புறம் என்னத் திட்டாதீங்க.

வாங்குறதப் பத்தி. எங்க ஆளு அந்தப் பெரியவர்கிட்ட டாலர் நீட்டினார். மொழிபெயர்க்க நின்ன பையன்கிட்ட அவர் சொன்னது, "வித்துட்டா ராத்திரி நான் எதுல படுக்குறது?" அவ்ளோதான், ஆட்ட ஓட்டிக்கிட்டு போய்ட்டார். 2013 டிசம்பர்ல உள்நாட்டுச் சண்டை ஆரம்பிச்சு மலக்கால் ஊரே மாத்தி மாத்தி கைமாறி எரிஞ்சு போச்சு, ஜனங்க கையில கிடைச்சதோட ஐநா கேம்புக்குள்ள ஓடி வந்தாங்க. அதனால 'பழைய ஒரிஜினல் சில்லுக் பீஸ்'னு எவனாவது வித்தா, எப்ப யார் கையில இருந்து வாங்கினதுன்னு கேளுங்க, பதில் சொல்லலைன்னா விட்ருங்க. எல்லா வியாபாரியும் திருடன்னு சொல்ல வரல. பாக்கணும்னா ஆக்ஸ்ஃபோர்ட்ல பிட் ரிவர்ஸ் மியூசியத்துல தெற்கு சூடான் சாமான் நிறைய இருக்கு, வெப்சைட்லயே போட்டோ போட்டிருக்காங்க, காசு கிடையாது. கமெண்ட்ல சண்டைக்கு வர்றவங்களும் முதல்ல அதப் பாத்துட்டு வாங்க.