வில் ஒரே இடத்தில் மடங்குகிறதா? கருவிப் பெட்டி வாங்குமுன் படியுங்கள்

கேள்வி: எங்கள் தோப்பில் சாய்ந்த சடச்சி மரத்தில் ஆளுயர வில் ஒன்று செய்துவருகிறேன். நாண் பூட்டினால் கீழ்க் கை, அதாவது பிடிக்குக் கீழே உள்ள பாதி, ஒழுங்காக வளைகிறது. மேல் கை மட்டும் நடுவில் ஒரே இடத்தில் மடங்குகிறது. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க இன்னும் மோசமாகிறது. ‘வில் செய்யும் முழுக் கருவிப் பெட்டி’ என்று 14,000 ரூபாய்க்கு இணையத்தில் விற்கிறார்கள். வாங்கினால் சரியாகுமா?
- வாசகர், தேனி மாவட்டம்

பதில்: பெட்டி வேண்டாம். உப்புத்தாளையும் இப்போதைக்குக் கீழே வையுங்கள்.

மடங்குகிற இடத்தில் மரம் ஏற்கெனவே குறைந்துபோயிருக்கிறது. அதையே தேய்த்தால் மேலும் மடங்காமல் என்ன செய்யும்? 10 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே ஒரு மில்லிமீட்டர் போனால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். அங்கே பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டு, இனிமேல் தொடாதீர்கள். வேலை எல்லாம் அதற்கு இரு பக்கமும் வளையாமல் நிற்கிற பகுதிகளில்தான்.

முதலில் நாணைக் கழற்றி, அந்த இடத்தின் வயிற்றுப் பக்கத்தை, அதாவது எய்யும்போது உங்களைப் பார்க்கும் பக்கத்தை, சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். குறுக்கே மயிரிழை போலக் கோடுகள் தெரிந்தால் மரம் நசுங்கிவிட்டது. அந்த வில்லை இழுக்க வேண்டாம். கோடு இல்லையென்றால் மேலே படிக்கலாம்.

உங்களுக்கு வேண்டியது ஸ்கிரேப்பர், அதாவது மரத்தைச் சுரண்டும் தகடு. உடைந்த ரம்பத் தகட்டில் ஒரு துண்டு போதும். பல் இல்லாத விளிம்பை அரத்தில் நேராக ராவி, மூலை கூராக நிற்கும்படி செய்யுங்கள். இரண்டு கையிலும் பிடித்து, லேசாக முன்னால் சாய்த்துத் தள்ளினால் மெல்லிய சுருளாக மரம் வரும். தூளாக வந்தால் விளிம்பு மழுங்கிவிட்டது என்று பொருள். நம் பழைய ஆசாரிகள் உடைந்த கண்ணாடித் துண்டிலேயே இந்த வேலையை முடித்தார்கள். முரட்டு மர அரத்துக்கு வேலை நாண் பூட்டுவதற்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. எலிவால் அரம் நாண் மாட்டும் குதைக்கு மட்டும். உப்புத்தாள் கடைசியில் மினுக்க.

எங்கே சுரண்டுவது என்று கண்ணை நம்ப வேண்டாம். ஒரு சாண் நீளத்துக்கு நேரான சின்ன மரக்கட்டை எடுத்து, நடுவில் துளையிட்டுப் பென்சிலைச் செருகுங்கள். நாண் பூட்டிய வில்லின் வயிற்றில் கட்டையை வைத்தால் இரு முனையும் தொடும், நடுவில் இடைவெளி இருக்கும். மடங்குகிற இடத்தில்தான் அந்த இடைவெளி அதிகம். அங்கே பென்சில் முனை மயிரிழையில் தொடாமல் நிற்கும்படி வைத்துக்கொண்டு கை நெடுக ஓட்டுங்கள். வளையாத இடங்களில் பென்சில் தானாகக் கோடு போடும். கோடு விழுந்த இடத்தில் நாலைந்து தள்ளு, அவ்வளவுதான். பிடியை ஒட்டியும் நுனியிலும் விழும் கோட்டைக் கண்டுகொள்ள வேண்டாம்.

கணு இருந்தால் கதை வேறு. கணுவைச் சுற்றிப் பென்சில் கண்டிப்பாகக் கோடு போடும், உங்கள் கையும் சுரண்டச் சொல்லும். சுரண்டாதீர்கள். கணுவில் நார் நேராக ஓடாமல் சுற்றிக்கொண்டு போகிறது, அதனால் அங்கே கொஞ்சம் மரம் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். வளைவு அழகாக இல்லையே என்று தோன்றும். தோன்றட்டும். கணுவுக்கு மேலும் கீழும் வேலை செய்யுங்கள், கணுவின் மேல் வேண்டாம். பிடிவாதமாக இதைச் சொல்வதற்குக் காரணம், முக்கால்வாசி வேலை முடிந்த வில்கள் அங்கேதான் ஒடிகின்றன.

ஒவ்வொரு தடவை சுரண்டிய பிறகும் இருபது, முப்பது தடவை பாதி அளவுக்கு இழுத்து விடுங்கள். எடுத்த மரத்தின் விளைவு உடனே தெரியாது. கொக்கித் தராசு மாட்டி இழுங்கள். முழுதாக இழுக்கும்போது வில்லுக்கு எவ்வளவு எடை வேண்டும் என்று நினைத்தீர்களோ, தராசில் அதற்கு மேல் ஒருபோதும் போகாதீர்கள். மேல் கை சரியானதும் கீழ்க் கையையும் அதற்கு ஈடாகக் குறைக்க வேண்டியிருக்கும். வில் நினைத்ததைவிட மெலிந்துதான் முடியும். வில்லின் முதுகை, அதாவது வயிற்றுக்கு எதிர்ப்பக்கத்தை, எக்காரணம் கொண்டும் சுரண்டாதீர்கள்.

சரி, அந்தப் பெட்டிக்கு வருவோம். இப்படிப்பட்ட பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது இரும்பு ராவுகிற அரங்களும் சிற்ப உளிகளும். இரும்பு அரத்தின் பல்லில் மரத்தூள் அடைத்துக்கொண்டு நிற்கும். பளபளப்பான மரப்பெட்டிக்கும் படத்துக்கும்தான் பணம். விற்றவரிடம் ‘ஸ்கிரேப்பர் எங்கே?’ என்று கேட்டால் பதில் வராது, இணையதளத்தில் புகார் செய்தால் ஓர் எண் வரும், அதோடு சரி. உள்ளூர் ஹார்டுவேர் கடையும் லேசுப்பட்டதல்ல. மர அரம் கேட்டால் கிரைண்டர் டிஸ்க்கை எடுத்து நீட்டுகிறார்கள். அதை வில்லில் வைத்தால் கண் மூடித் திறப்பதற்குள் இன்னொரு மடங்கும் இடம் கிடைக்கும். அரம் வேண்டுமென்றால் உங்கள் ஊர் ஆசாரி எங்கே வாங்குகிறார் என்று கேட்டு அங்கே போங்கள்.

இவர்களைவிட மோசம், ‘பதமாகக் காய்ந்த வில் கட்டை’ விற்கும் இடைத்தரகர்கள். எப்போது வெட்டியது, எங்கே காய்ந்தது என்று ஒரு சீட்டுகூடத் தர மாட்டார்கள், கேட்கவும் ஆளில்லை. ஈர மரத்தில் செய்த வில் இழுத்த பக்கமே வளைந்து நின்றுவிடும். உங்களிடம் சொந்தத் தோப்பு மரமே மிச்சம் இருக்கும். அடுத்த வில்லுக்கு அதைப் பிளந்து, பட்டையை உரித்து, இரு முனையிலும் பெயின்ட் அடித்து நிழலில் போடுங்கள். வாரம் ஒரு தடவை எடை போட்டு, மேலே தேதியோடு எழுதுங்கள். எடை குறைவது நிற்கும்வரை அதில் கத்தி வைக்க வேண்டாம்.