பதில்: எலும்பு செல் வளர்ப்பில் கொழுப்புத் துளிகள் வருவது ஏன்?

மனித எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களில் 1 மைக்ரோமோலார் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு போட்டு, 14ஆம் நாளில் கால்சியத்துக்குப் பதில் பளபளக்கும் துளிகள் தெரிகின்றன என்கிறீர்கள். பெரும்பாலும் அந்த அளவுதான் காரணம். அது கொழுப்பு செல் வளர்ப்புக் கலவையில் போடும் அளவு. எலும்புக்கு 10 முதல் 100 நானோமோலார் போதும்.

ஸ்டீராய்டு இருபக்கமும் வெட்டும் கத்தி. குறைந்த அளவில், எலும்பு உருவாக உதவும் நொதியான ஆல்கலைன் பாஸ்ஃபடேஸைத் தூண்டி மனித செல்களை எலும்புப் பக்கம் தள்ளும். அளவு ஏறினால் சி/இபிபி புரதங்கள் வழியாக கொழுப்பு செல்லாக மாற்றும் பிபிஏஆர்-காமா புரதம் விழித்துக்கொள்ளும். அது எலும்பு செல்லாக மாற்றும் ரன்எக்ஸ்2 புரதத்தை அடக்கிவிடும். நீண்டகாலம் ஸ்டீராய்டு எடுப்பவர்களின் மஜ்ஜையில் கொழுப்பு கூடி எலும்பு மெலிவதற்கும் இது ஒரு காரணம்.

3.9 மில்லிகிராம் டெக்சாமெதாசோனை 10 மில்லிலிட்டர் எத்தனாலில் கரைத்தால் 1 மில்லிமோலார் கரைசல். அதில் 50 மைக்ரோலிட்டர், 500 மில்லிலிட்டர் செல் வளர்ப்பு ஊடகத்துக்கு. 100 நானோமோலார் கிடைக்கும். கூடவே 50 மைக்ரோமோலார் அஸ்கார்பேட்-2-பாஸ்பேட் (வைட்டமின் சி-யின் நிலையான வடிவம்), 10 மில்லிமோலார் பீட்டா-கிளிசரோபாஸ்பேட் (பாஸ்பேட் தருவது). சாதாரண அஸ்கார்பிக் அமிலம் வேண்டாம், 37 டிகிரியில் சீக்கிரம் சிதைந்துவிடும். கிளிசரோபாஸ்பேட்டைக் கூட்டினால் செல் செய்யாத வேலைக்கும் அலிசரின் (கால்சியத்தைக் காட்டும் சாயம்) சிவப்பு காட்டும்!

ஸ்டீராய்டு இல்லாமல், அதே அளவு எத்தனால் மட்டும் சேர்த்த கிணறு (வளர்ப்புத் தட்டின் குழி) ஒன்று ஒப்பிடக் கட்டாயம். வாரம் இருமுறை ஊடகம் மாற்றி, 21ஆம் நாளில் அலிசரினும், பக்கத்துக் கிணற்றில் கொழுப்பைக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயமும் போடுங்கள். அளவைக் குறைத்தும் துளிகள் வந்தால், செல்கள் எத்தனையாவது பாசேஜ் (தட்டு மாற்றி வளர்த்த முறை), எவ்வளவு நெருக்கமாக விதைத்தீர்கள் என்று எழுதுங்கள்.