வடசென்னைப் பிள்ளைகளுக்குக் கடல் உயிரினங்களை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: ராயபுரத்தில் மாலைநேர மையம் நடத்துகிறோம். 7 முதல் 11 வயது வரை 20 பிள்ளைகள். பாதிப் பேர் காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளைகள். மே மாதத்தில் ஆறு வகுப்புகளில் கடல் விலங்குகள், கடல் பாதுகாப்பு பற்றிச் சொல்லித்தர வேண்டும். செலவு அதிகம் ஆகக்கூடாது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்:

முதல் நாள் திமிங்கலப் படமும் பவளப்பாறை வீடியோவும் வேண்டாம். மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்குங்கள். சங்கரா ஒன்று, மத்தி ஐந்தாறு, நாக்கு மீன் ஒன்று, கடம்பா (ஊசிக் கணவாய்) இரண்டு, ஆண் நண்டு ஒன்று, பெண் நண்டு ஒன்று. வாங்கும்போதே "கழுவாதீங்க, செதில் எடுக்காதீங்க, குடலை எடுக்காதீங்க" என்று அழுத்திச் சொல்லிவிடுங்கள். பேச்சுவாக்கில் விட்டால் அக்கா பழக்கத்தில் இரண்டு நிமிடத்தில் சுத்தம் பண்ணிக் கொடுத்துவிடுவார். பாடத்துக்கு வேண்டிய பாதி அங்கேயே குப்பைக்குப் போய்விடும்.

ஐந்து தட்டு, தட்டுக்கு நான்கு பிள்ளைகள், எட்டு நிமிடத்துக்கு ஒருமுறை தட்டு மாறட்டும். ஒவ்வொரு தட்டின் அடியிலும் உடைத்த ஐஸ் கட்டாயம். மே வெயிலில் ஐஸ் இல்லாத மீன் அரை மணி நேரத்தில் நாறும், பிள்ளைகளின் ஆர்வமும் அதோடு போய்விடும். நண்டு, கடம்பா, எறா ஒத்துக்கொள்ளாத பிள்ளை யாராவது உண்டா என்று முன்னாலேயே பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டாலே தடிப்பு வருகிறவர்கள் உண்டு. பாடத்துக்கு வைத்த மீனைக் குழம்புக்கு அனுப்ப வேண்டாம், பூனைகளுக்குப் போடுங்கள்.

ஒவ்வொரு தட்டிலும் ஒரே ஒரு கேள்வி போதும்.

மத்தி: செவுளைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே சீப்பு போல என்ன இருக்கிறது? அதுதான் அதன் வடிகட்டி. வாயைத் திறந்து நீந்தும், தண்ணீர் வெளியே போகும், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் அந்தச் சீப்பில் தங்கும். பக்கத்தில் ஒரு வஞ்சிரத் தலை வைக்க முடிந்தால் (தலையை மட்டும் கேட்டுப் பாருங்கள்) பல்லைக் காட்டி ஒப்பிடலாம்.

நாக்கு மீன்: இரண்டு கண்ணும் ஏன் ஒரே பக்கம்? குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண்தான். வளரும்போது ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபக்கம் வந்துவிடும். பிறகு அது தரையோடு தரையாகப் படுத்துவிடும். முதல் நாளில் அதிகம் பேசப்படுவது இந்த மீன்தான்.

சங்கரா: இவ்வளவு சிவப்பாக இருந்தால் எதிரி கண்ணில் படாதா? நீல செலோஃபேன் தாளை மூன்று மடிப்பாக டார்ச்சின் மேல் கட்டி, அறையை இருட்டாக்கி, மீன்மேல் அடியுங்கள். சிவப்பு கருத்துப் போகும். கடலுக்குள் முதலில் மறைவது சிவப்பு ஒளிதான். அதனால் ஆழத்தில் சிவப்பு மீன் நிழல் மாதிரிதான் தெரியும். ஒரே மடிப்பு போட்டால் ஊதாவாகத்தான் தெரியும், "ஒண்ணும் மாறலையே சார்" என்பார்கள். வகுப்புக்கு முன்னால் ஒருமுறை நீங்களே அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கடம்பா: உள்ளிருந்து கண்ணாடி மாதிரி ஒரு தகடு வரும். பிளாஸ்டிக் என்றே நினைப்பார்கள். அது அதன் உடம்புக்குள்ளேயே வளர்ந்த ஓடு. கைகள் நடுவே கிளி மூக்கு போன்ற அலகு இருக்கும். எட்டுக் கை, அதோடு நீண்ட பிடிகை இரண்டு, இதயம் மூன்று. மைப்பையைக் கிழித்து அந்த மையிலேயே பெயர் எழுதச் சொல்லுங்கள். சட்டையில் பட்டால் அம்மாக்கள் திட்டுவார்கள் என்பதால் பழைய சட்டையில் வரச் சொல்லிவிடுங்கள்.

நண்டு: அடிவயிற்று மடிப்பு குறுகலாக இருந்தால் ஆண், அகலமாக இருந்தால் பெண். பெண் முட்டையைச் சுமப்பது அந்த மடிப்பின் கீழேதான். சினை முதலில் மஞ்சளாக இருக்கும், பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கக் கருக்கும். இதை மீனவர் வீட்டுப் பிள்ளைகளே சொல்லிக்கொடுக்கட்டும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை நண்டு வந்ததும் வாத்தியாராகிவிடும். அதைத் தடுத்துவிடாதீர்கள். "வண்ணி, தெண்டி என்றால் நீரோட்டம் எந்தப் பக்கம்?" என்று தாத்தாவிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் கிடைக்காத விஷயம் நாலு தெருவில் கிடைக்கும்.

இரண்டாம் வகுப்புக்கு உப்புத் தண்ணீர் முட்டைச் சோதனையை எல்லாரும் எடுப்பார்கள், பெரும்பாலும் தவறாக. "குழாய்த் தண்ணீரில் முட்டை மூழ்கும், கடல் தண்ணீரில் மிதக்கும்" என்பார்கள். புது முட்டை கடல் தண்ணீரிலும் மூழ்கும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு அதைத் தூக்கப் போதாது. அரை லிட்டர் தண்ணீரில் தூள் உப்பு மட்டம் தட்டி மூன்று டீஸ்பூன் போடுங்கள், ஏறத்தாழ கடல் தண்ணீர் ஆகிவிடும். முட்டை அடியிலேயே கிடக்கும். ஒவ்வொரு டீஸ்பூனாகக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்பது, பத்து வரும்போதுதான் மேலே வரும். பழைய முட்டை முன்னாலேயே மிதந்து ஏமாற்றும். கல் உப்பில் டீஸ்பூன் கணக்கு சரியாக வராது. உப்பு இருந்தும் முட்டை மூழ்குகிறது, அப்படியென்றால் மீன் எப்படி நடுத்தண்ணீரில் நிற்கிறது? இப்போது சங்கராவின் வயிற்றைத் திறந்து வெள்ளைக் காற்றுப்பையைக் காட்டுங்கள். சுறாவுக்கு அந்தப் பை கிடையாது, எண்ணெய் நிறைந்த பெரிய ஈரல்தான் உண்டு.

தமிழ்ப் பெயர்கள் கொஞ்சம் குழப்பும். நட்சத்திர மீன், ஜெல்லி மீன் இரண்டும் மீனே இல்லை. சுறாவும் திருக்கையும் மீன்தான், ஆனால் எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு. திமிங்கலமும் ஓங்கிலும் (டால்பின்) நம்மைப் போலப் பாலூட்டிகள். கையை மீன்வால் போல இடம் வலமாக ஆட்டச் சொல்லுங்கள், பிறகு ஓங்கில் வால் போல மேலும் கீழுமாக. அந்த வயதில் இதுவே போதுமான இலக்கணம்.

பாதுகாப்பு என்ற பேச்சை மூன்றாம் வகுப்புக்கு முன் எடுக்க வேண்டாம். எடுக்கும்போதும் விளையாட்டாக எடுங்கள். நான்கு பேருக்கு ஒரு தட்டு, அதில் 30 மொச்சை. ஆளுக்கு ஒரு ஸ்பூன், ஒரு சுற்று 20 விநாடி. ஒரு சுற்றில் இரண்டு மொச்சைகூடப் பிடிக்காதவர் வெளியே. சுற்று முடிந்ததும் தட்டில் மிச்சம் இருப்பது இரட்டிப்பாகும், ஆனால் 30-க்கு மேல் போகாது. முதல் சுற்றிலேயே தட்டைக் காலி பண்ணிவிடுவார்கள். மிச்சம் பூஜ்யம் என்றால் இரட்டிப்பும் பூஜ்யம். திட்டாதீர்கள், காலித் தட்டை ஒரு நிமிடம் அப்படியே பார்க்க விடுங்கள். அடுத்த முறை விதியை அவர்களே போடட்டும். சுற்றுக்கு மொத்தம் 15-க்கு மேல் எடுக்காமல் இருந்தால் தட்டு நிறைந்துகொண்டே இருக்கும் என்று நாலாவது ஆட்டத்துக்குள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். சில கையேடுகளில் ஒரு பிள்ளைக்குக் கரண்டி கொடுத்து "நீதான் விசைப்படகு" என்று சொல்ல வைப்பார்கள். உங்கள் மையத்தில் அதைச் செய்யாதீர்கள். விசைப்படகில் போகும் அப்பாவின் பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கும்.

நீங்கள் மே மாதம் நடத்துவது நல்ல பொருத்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும், ஃபைபர் படகுகள் மட்டும் போய்வரும். மீன் விலை ஏன் ஏறியது என்று வீட்டில் பேசுவதை மொச்சைத் தட்டோடு பிள்ளைகளே இணைத்துக்கொள்வார்கள். ஆனால் எல்லா மீனும் அந்த இரண்டு மாதத்தில்தான் முட்டையிடும் என்று சொல்லிவிடாதீர்கள். இனத்துக்கு இனம் காலம் மாறும்.

ஆமைக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்கலாம். நம் கரைக்கு வருவது பங்குனி ஆமை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை இரவில் ஏறி, மணலைத் தோண்டி நூறு முட்டைக்கு மேல் இடும், 45 முதல் 60 நாளில் பொரிக்கும். மணலின் சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண் அதிகம். வாளித் தண்ணீரில் பால் கவரை மிதக்கவிட்டு ஜெல்லி மீன் மாதிரி காட்டும் செய்முறை நல்லதுதான். ஆமையின் தொண்டையில் முட்கள் உள்நோக்கி இருப்பதால் விழுங்கியதைத் துப்புவது கடினம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கவரோடு கதையை முடித்தால் அது பாதி உண்மைதான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கின. விசைப்படகுகள் கரையோரக் கடலில் இழுக்கும் மடிவலையில் சிக்கினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் ஆமை மூழ்கிச் சாகும். ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் இல்லை. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லாமல் வலையின் அமைப்பாகச் சொல்லுங்கள். வலைக்குள் சாய்வாகக் கம்பிச் சட்டம் ஒன்றைப் பொருத்தினால் எறா கம்பி இடுக்கு வழியாகப் பின்னே போகும், ஆமை கம்பியில் முட்டி மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறும். ஐஸ்க்ரீம் குச்சியும் வெங்காய வலைப்பையும் இருந்தால் மாதிரி செய்துவிடலாம். ஆமைக்கு எலுமிச்சம்பழம், எறாவுக்குக் கடுகு. குச்சி இடைவெளி எலுமிச்சையைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

எண்ணெய்க்கசிவைச் சொல்ல வேறு ஊர் உதாரணம் தேவையில்லை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதின. கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்திலேயே எண்ணெய் பரவியது. கோழிக்கடையில் நாலைந்து இறகு வாங்கிச் சோப்பு போட்டு அலசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெறும் தண்ணீரைச் சொட்டுங்கள், உருண்டு ஓடும். பிறகு சமையல் எண்ணெய் அரை டீஸ்பூன் தடவிச் சொட்டுங்கள், இழைகள் ஒட்டிக்கொண்டு இறகு தொங்கிவிடும். பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டுக் கழுவினால் எண்ணெய் போகும், ஆனால் சரியாக அலசாத இறகு அதன் பிறகும் தண்ணீரை உறிஞ்சும். பறவையைக் கழுவியதும் பறக்கவிட்டுவிட முடியாதது இதனால்தான்.

வெளியே கூட்டிப்போவதென்றால் காலை 6 முதல் 7.30 வரை, ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர். வடசென்னையில் மணல் கரை குறைவு. 1870-களில் துறைமுகம் கட்டத் தொடங்கியபின் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டது, மெரினா அகன்றது, நம் பக்கம் அரித்தது. (மெரினாவில் சுண்டல் சாப்பிடும்போது அது யார் பங்கு மணல் என்று கேட்கலாம்.) அதனால் நமக்குக் கிடைத்திருப்பது கருங்கல் சுவர். அதுவும் ஒரு வாழிடம்தான். கல்லில் ஒட்டிய சிப்பி, கொட்டலசு (பார்னக்கிள்), பாசி, பாறை நண்டு எல்லாம் உண்டு. அலை குறைந்த நேரத்தில் சாலைப்பக்கம் நின்று போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். கல்மேல் ஒரு பிள்ளையும் ஏறக்கூடாது. பாசியில் வழுக்கினால் இடுக்கில்தான் கால் போகும். காசிமேட்டுக்கு ஞாயிறு காலை வேண்டவே வேண்டாம், கூட்டத்தில் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருப்பீர்கள். வாரநாள் மாலையில் வலை பழுதுபார்க்கும் இடத்துக்கு, கேட்டுக்கொண்டு போங்கள். கரையில் சொறி (ஜெல்லி மீன்) ஒதுங்கியிருந்தால் செத்தது என்றாலும் தொடக்கூடாது. பட்டுவிட்டால் தேய்க்காமல் கடல் தண்ணீரால் மட்டும் கழுவுங்கள்.

கடைசியில் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "அப்போ மீன் சாப்பிடக் கூடாதா?" சாப்பிடலாம் என்று நேராகச் சொல்லுங்கள். அட்டையில் 30 செ.மீ. அளவுகோல் வெட்டிக் கொடுத்து, ஒரு வாரம் வீட்டில் வாங்கும் மீனை மூக்கிலிருந்து வால் வரை அளந்து எழுதி வரச் சொல்லுங்கள். மத்தி சுமார் 15 செ.மீ. வந்தால்தான் முட்டையிடும் பருவம். பெரிய இன வஞ்சிரம் முக்கால் மீட்டரை நெருங்க வேண்டும், அதற்கு இந்த அட்டை போதாது என்பதே அவர்களுக்கு ஒரு செய்தி. நண்டு என்றால் சினை இருந்ததா, இல்லையா என்று மட்டும் குறிக்கட்டும். ஆறாம் வகுப்பில் எல்லார் சீட்டையும் ஒரே சார்ட்டில் ஒட்டுங்கள், பெயர் எழுதாமல். பொடி மீன் வாங்குவது பல வீடுகளில் அன்றைய கையிருப்பைப் பொறுத்தது.