மூன்றாம் வகுப்புக்குக் கோடிங் பேக்கேஜ்: 18,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: பெங்களூரு தாசரஹள்ளியில் இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது, தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. இந்த வருடம் 'கோடிங், ரோபாட்டிக்ஸ், ஏஐ' என்று ஒரு சர்க்குலர் வந்திருக்கிறது. ஃபீஸ் போக 18,000 ரூபாய் தனியாகக் கட்ட வேண்டுமாம், வீட்டில் லேப்டாப்பும் வேண்டுமாம். வாரம் ஒருமுறை இருந்த லைப்ரரி பீரியடை இதற்கு எடுத்துக்கொண்டார்கள். கணவருக்குப் பீன்யாவில் லேத் வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் தெரியாது. கட்டாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. வீட்டிலேயே ஏதாவது சொல்லிக்கொடுக்க முடியுமா?

பதில்: கட்ட வேண்டாம் அம்மா. பின்தங்க மாட்டாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் பள்ளி நூலகம், அதில் பாதிக் காலம் கம்ப்யூட்டர் லேபும் சேர்த்துப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது ஒன்றுதான், அந்த லைப்ரரி பீரியட். அதைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

சர்க்குலரில் "புதிய கல்விக் கொள்கைப்படி" என்று ஒரு வரி இருக்குமே, பார்த்தீர்களா? இல்லாமல் இருக்காது. 2020 கல்விக் கொள்கை, கோடிங் சம்பந்தமான செயல்பாடுகள் நடுநிலைக் கட்டத்தில், அதாவது ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கும் என்றுதான் சொல்கிறது. அதற்கு முந்தைய வகுப்புகளுக்கு அது கேட்பது ஒழுங்காக யோசிக்கும் பழக்கம். அப்புறம், 2026-27 கல்வியாண்டிலிருந்து மூன்றாம் வகுப்பு முதல் செயற்கை நுண்ணறிவும் கணினிச் சிந்தனையும் பாடத்தில் வரும் என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. உண்மைதான். ஆனால் பாடத்திட்டத்தில் வருவதைப் பள்ளி ஆசிரியர் பள்ளி நேரத்தில் நடத்த வேண்டும். வெளிக் கம்பெனியிடம் தலைக்கு 18,000 கட்டி ரோபாட்டிக்ஸ் பெட்டி வாங்கச் சொல்லி அந்த அறிவிப்பில் எதுவும் இல்லை.

அப்படியானால் இந்தப் பெட்டி எங்கிருந்து வருகிறது? 'அகாடமிக் கன்சல்டன்ட்' என்று கார்டு அடித்துக்கொண்டு ஒருவர் வருவார். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கும் வந்தார். மேஜை மேல் சின்ன மோட்டார், நாலு வயர், பிளாஸ்டிக் சக்கரம் எல்லாம் பரப்பிவிட்டு, பிரின்சிபால் அறையிலேயே பள்ளிக்குத் தலைக்கு எவ்வளவு 'டெவலப்மென்ட் ஃபண்ட்' என்று பேச ஆரம்பித்துவிட்டார். நான் காபித் தட்டோடு உள்ளே போனதும் பேச்சு நின்றது. அந்த வருடம் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கக் கேட்ட பணம் வரவில்லை, பெட்டி மட்டும் வந்தது. பாடம் எடுக்க அவர்கள் அனுப்பிய பையன் நல்லவன். படிப்பை முடித்துவிட்டு நேராக வந்தவன், ஒரே நாளில் மூன்று பள்ளிக்குப் பைக்கில் ஓடுவான். எட்டு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேரை எப்படி உட்காரவைப்பது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வருடக் கடைசியில் எல்லோருக்கும் தங்கநிறச் சான்றிதழ். எந்தப் பிள்ளைக்கும் ஒரு ஃபைலைச் சேமித்துத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை.

பள்ளிக்கு நேரில் போய் நான்கு விஷயம் கேளுங்கள். பாடம் எடுப்பது பள்ளி ஆசிரியரா, வெளியாளா? பெட்டி இல்லாமல் வருடக் கடைசியில் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும்? மார்ச் முடிந்ததும் அந்த லாகின் வேலை செய்யுமா? பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, உங்கள் போன் நம்பரை அந்தக் கம்பெனிக்கு யார் கொடுத்தது? கடைசிக் கேள்விக்கு முகம் மாறும். 2023 மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரும் குழந்தைகள். அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. 'என்னைக் கேட்காமல் பிள்ளையின் விவரத்தை யாருக்கும் தரக் கூடாது' என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி வழியாக வராமல் நேரே உங்கள் போனுக்கு வரும் இன்னொரு கூட்டமும் உண்டு. "டெமோ கிளாஸ் ஃப்ரீ மேடம்" என்பார்கள். டெமோ முடிந்ததும் உங்கள் மகள் அபூர்வமான பிள்ளை என்பார்கள். எல்லாப் பிள்ளையிடமும் அதையேதான் சொல்வார்கள். பிறகு இரண்டு வருடப் பேக்கேஜ், "மாதாமாதம் கொஞ்சம் கட்டினால் போதும்". அது ஃபீஸ் இல்லை அம்மா, உங்கள் கணவர் பெயரில் ஒரு நிதிக் கம்பெனி தரும் கடன். வகுப்பு பிடிக்காமல் நிறுத்தினாலும் தவணை நிற்காது. போனில் ஓடிபி கேட்டால் வைத்துவிடுங்கள்.

சரி, எட்டு வயதில் கம்ப்யூட்டர் என்றால் என்ன தெரிய வேண்டும்? தேடத் தெரிய வேண்டும், கிடைத்தது தான் கேட்டதுதானா என்று பார்க்கத் தெரிய வேண்டும், செய்த வேலையை வைத்த இடத்திலிருந்து திரும்ப எடுக்கத் தெரிய வேண்டும். அவ்வளவுதான். இந்த மூன்றும் புத்தக அலமாரியில்தான் முதலில் வரும்.

ஒரு பையனைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்பு, பாம்புப் பைத்தியம். கம்ப்யூட்டர் லேபில் 'ஸ்நேக்' என்று அடித்தான், விளையாட்டு வந்தது. மறுபடி அடித்தான், மறுபடி விளையாட்டு. அரைமணி நேரம் அதிலேயே போய்விட்டது. மறுநாள் லைப்ரரி பீரியடில் அவனை விலங்கு அலமாரிக்கு அழைத்துப்போனேன். புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைக் காட்டினேன். அமெரிக்காவின் மெல்வில் டியூயி 1876-இல் கொண்டுவந்த வரிசை அது. 590 விலங்கு, 597.96 பாம்பு, 598 பறவை. தசமம் இன்னும் படிக்காத பிள்ளை, புள்ளியைப் பார்த்து முழித்தான். "598 வீட்டுக்கு முந்தின வீடு, மாடியில் குடியிருக்கிறார்கள்" என்றேன். பிடித்துக்கொண்டான். புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தவனை நிறுத்தி, கடைசியில் இருக்கும் சொல்லடைவைத் திறக்கச் சொன்னேன். விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்து 'நாகம்' என்ற இடத்தில் நிறுத்தினான். பக்க எண் 41. திருப்பினான், படம் எடுத்து நிற்கிறது பாம்பு. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அடுத்த வாரம் லேபில் அவனே 'கிங் கோப்ரா ஃபுட்' என்று மூன்று சொல் போட்டுத் தேடினான். எந்தச் சொல்லைப் போட்டால் எது வரும் என்பதை அந்தச் சொல்லடைவுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது.

அதனால்தான் பீரியடை விடாதீர்கள் என்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்களோடு நூலகம் இருக்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. அறையைப் பூட்டிவைத்துக்கொண்டு 'நூலகம் இருக்கிறது' என்று இன்ஸ்பெக்ஷனில் கணக்குக் காட்டுவதை நான் எத்தனையோ தரம் பார்த்துவிட்டேன். ஆய்வுக்கு வருகிறவர் அலமாரியை எண்ணுவார், பிள்ளை கையில் புத்தகம் இருக்கிறதா என்று பார்க்க மாட்டார். நூலக அறிவியலின் முதல் விதியே புத்தகம் பயன்படுவதற்கு என்பதுதான். அதை எழுதியவர் நம் சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-இல். கடைசிக் காலத்தில் இதே பெங்களூருவில்தான் இருந்தார். 1962-இல் இங்கே நூலகர்களுக்கு ஒரு பயிற்சி மையமே தொடங்கினார். அவர் இருந்த ஊரில் லைப்ரரி பீரியடைப் பிடுங்கி மோட்டார் பெட்டிக்குக் கொடுக்கிறார்கள். உங்களைப் போல ஐந்தாறு பெற்றோர் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுங்கள். தனியாகப் போனால் 'பார்க்கலாம் மேடம்' என்பார்கள்.

பள்ளி கொடுக்காவிட்டால் வெளியே இருக்கிறது. கர்நாடகத்தில் சொத்து வரியோடு 6 சதவீதம் நூலக வரி வசூலாகிறது. வாடகை வீடானாலும் உங்கள் வாடகையில் அதுவும் சேர்ந்துதான் போகிறது. அந்தப் பணம் நூலகத்துக்குப் போய்ச் சேருவதில் உள்ள இழுபறி தனிக் கதை, இப்போது வேண்டாம். ஒரு விடுமுறை நாளில் தாசரஹள்ளியில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, விதான சௌதா ஸ்டேஷனில் இறங்குங்கள். ஹைகோர்ட்டைத் தாண்டிக் கப்பன் பார்க்குக்குள் போனால், 1915-இல் கட்டிய சிவப்பு நிறச் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். ஹைகோர்ட்டும் சிவப்புதான், குழம்பிவிடாதீர்கள். மாநில மத்திய நூலகம் அதில்தான் இருக்கிறது. தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் தமிழ்ச் சங்க நூலகம். போனிலேயே படிக்க, இங்கே பெங்களூருவின் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசம்.

வீட்டில் என்ன செய்வது? உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியவில்லை என்பது ஒரு குறையே இல்லை. அடுக்களையில் மிளகாய்த்தூள் டப்பாவையும் மஞ்சள்தூள் டப்பாவையும் பெயர் ஒட்டி வைக்கிறீர்கள்தானே? ஃபைலைச் சேமிப்பதும் அதேதான். பிள்ளைகள் படம் வரைந்துவிட்டு 'ஏஎஸ்டிஎஃப்' என்று விரல் போன போக்கில் பெயர் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வாரம் "மிஸ், என் படம் காணோம்" என்று அழுகை. பெயர், தேதி போட்டு, தன் பெயருள்ள ஃபோல்டர் என்கிற பெட்டிக்குள் வை என்று சொல்லிப் பழக்குங்கள். மறுநாள் அவளையே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கே வைத்தாய்?" என்று கேட்டால் போதும்.

கோடிங் மேல் அவளுக்கே ஆசை வந்தால் ஸ்கிராட்ச் இருக்கிறது, திரையில் கட்டளைக் கட்டைகளை அடுக்கிக் கோடிங் பழகும் மென்பொருள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்டது. 8 முதல் 16 வயதுக்கு, முழுக்க இலவசம். பூனையை நடக்கவைக்கலாம், பேசவைக்கலாம். உங்களிடம் விற்கும் பேக்கேஜ்களில் பெரும்பாலும் இதே கட்டைகள்தான் வேறு நிறத்தில் இருக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் வழக்கமாகச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டைப்பிங்குக்கு எட்டு வயதில் அவசரம் இல்லை, கையெழுத்துதான் முதலில் என்பது என் வழக்கமான பேச்சு. ஆனால் சில பிள்ளைகள் வாயால் கதையாகச் சொல்வார்கள், எழுதச் சொன்னால் இரண்டு வரிக்குள் கை வலிக்கிறது என்பார்கள். எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும், ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள், நோட்டு முழுக்க அழித்த கறை. 'சோம்பேறி' என்று ஆசிரியர் எழுதியனுப்புவார். அது டிஸ்கிராஃபியா என்ற எழுத்துச் சிரமமாக இருக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கீபோர்டை இப்போதே கொடுங்கள், நாளைக்குத் தள்ளாதீர்கள். தினம் பத்து நிமிடம், இரண்டு கையாலும். டைப்பிங் வந்துவிட்டால் மனதில் இருப்பது தாளுக்கு வந்துவிடும். பரிசோதனைக்கு இங்கே நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவு இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், இருந்தாலும் அங்கேயே போங்கள். ஒரே மணி நேரத்தில் சான்றிதழ் தருகிறேன் என்கிற தனியார் 'சென்டர்'காரரிடம் போகாதீர்கள், அங்கேயும் நம் கன்சல்டன்ட்டின் தம்பிதான் உட்கார்ந்திருப்பார். பின்னால் பரீட்சையில் சலுகை கேட்கும்போது முறையான சான்றிதழ்தான் நிற்கும். உங்கள் மகளின் நோட்டை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். இப்படி எதுவும் இல்லையென்றால் கீபோர்டு ஒரு வருடம் காத்திருக்கட்டும்.

அப்போது ஆங்கிலத்தோடு தமிழையும் பழக்குங்கள். தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு என்று பிரித்திருக்கிறார்கள். 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துப் பழகிய பிள்ளைக்கு அப்புறம் அதை மாற்றுவது பெரும்பாடு.

லேப்டாப்புக்கு வருகிறேன். புதிது வாங்காதீர்கள். எஸ்.பி. ரோட்டில் பழையது வாங்கினால், காசு கொடுக்கும் முன் கீபோர்டில் ஒவ்வொரு எழுத்தையும் அடித்துப் பாருங்கள், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அரைமணி ஓடுகிறதா என்று பாருங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸ் 10 மென்பொருளுக்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் "எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தருகிறேன்" என்று திருட்டு விண்டோஸைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லுங்கள், அது இலவசம். கூடவே டக்ஸ் பெயின்ட், ஜிகாம்ப்ரி இரண்டையும் ஏற்றச் சொல்லுங்கள். ஒன்று படம் வரைய, இன்னொன்று மவுஸும் கீபோர்டும் பழக. இரண்டுக்கும் காசு கிடையாது. கடைக்காரர் காசு கேட்டால் அடுத்த கடைக்குப் போங்கள், அந்தத் தெரு முழுக்கக் கடைதான்.