ஒற்றைத் தலைவலிக்கு லாவெண்டர் எண்ணெய் உண்மையிலேயே உதவுமா?

மாத்திரை விழுங்கி விழுங்கிச் சலித்துப்போய்த்தான் இதைக் கேட்டிருப்பீர்கள். எனக்கு உதவுகிறது. ஆனால் முதலில் வாங்கிய புட்டி என்னைப் படுக்கையில் தள்ளியது.

பத்தொன்பது ஆண்டுகளாக எனக்கு இடப்பக்க ஒற்றைத் தலைவலி. வேலையோ மெய்ப்புத் திருத்துவது. அம்மா சுக்கு உரசிப் பற்றுப் போடுவார். பிறகு கோடாலித் தைலம். ஒருமுறை பொருட்காட்சியில் 80 ரூபாய்க்கு லாவெண்டர் என்று ஒரு புட்டி வாங்கினேன். அன்றிரவே வலி வந்தது. கைக்குட்டையில் தாராளமாக ஊற்றி முகர்ந்தேன். சற்று நேரத்தில் வாந்தி; மறுநாள் நண்பகல்வரை இருட்டறையில் கிடந்தேன். பிறகுதான் லேபிளைப் படித்தேன். தாவரத்தின் பெயரே இல்லை, வெறும் வாசனைத் திரவம். நம்மைப் போன்றவர்களுக்குக் கடும் வாசனையே வலியைக் கிளப்பிவிடும்.

ஜம்முவில் பணியிலிருந்த தம்பி, பதேர்வாவிலிருந்து ஒரு சிறு புட்டி கொண்டுவந்தான். மக்காச்சோளம் பயிரிட்ட விவசாயிகள் பலர் லாவெண்டருக்கு மாறிய ஊர் அது. பூவைக் காய்ச்சி வடித்த எண்ணெய்; ‘லாவண்டுலா அங்குஸ்டிஃபோலியா’ என்று தாவரத்தின் பெயர் லேபிளிலேயே இருந்தது. இடக்கண் ஓரம் துடிக்கத் தொடங்கியதுமே பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு, மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, விளக்கை அணைத்துக் கால் மணி நேரம் படுத்துவிடுவேன். பெரும்பாலும் வலி பாதியாகத் தணிகிறது. முற்றிய பிறகு முகர்ந்தால் பயனில்லை.

மனப்பிரமை என்று எழுத வருவோருக்கு: 2012இல் வெளியான ஓர் ஈரானிய ஆய்வில், லாவெண்டர் முகர்ந்தவர்களுக்கு வந்த 129 வலிகளில் 92 ஓரளவாவது தணிந்தன, ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தில்லாத திரவ பாரஃபின் எண்ணெயை முகர்ந்தவர்களுக்கு 68இல் 32. மொத்தம் 47 பேர்தான், சிறிய ஆய்வு என்பது எனக்கும் தெரியும். மாத்திரையை நிறுத்தச் சொல்லவும் இல்லை. எண்ணெயைக் குடிக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள். திடீரென்று இதுவரை காணாத கடுமையோடு வலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்தக் கால் மணி நேரத்தைத்தான் என் பழைய அலுவலகம் தர மறுத்தது. “தலைவலிக்கெல்லாம் விடுப்பா?” என்று எல்லோர் முன்னிலும் கேட்டு அரைநாள் சம்பளத்தைப் பிடித்தார் மேற்பார்வையாளர். அதே வாரம் கால் சுளுக்கியவருக்கு மூன்று நாள் விடுப்பு கொடுத்தார். அவருக்குக் காட்டக் கட்டு இருந்தது. நான் எதைக் காட்டியிருக்க வேண்டும்?